வெளிக்கிடாமல் எடுத்த படம்

கரகர, கரகர. உறைபனி விழுந்த காலையில் பக்கத்து வீட்டுக்காரர் கார் கண்ணாடியைச் சுரண்டத் தொடங்கினால், இல்ஃபோர்டில் போர்வைக்குள் கிடக்கும் என் மீது மீன் செதில் பறக்கிறது. அப்டன் பார்க்கின் பக்கத் தெரு ஒன்று, ஈர நடைபாதையும் கொத்தமல்லிக் கட்டுகளுமாக, அறைக்குள் வந்துவிடுகிறது.

அந்தக் குளிர்காலம் முழுக்கக் கேமராவும் நானுமாக அங்கே அலைந்தோம். ஓரிடத்தில் உட்காராத உடம்பு எனக்கு. அங்குள்ள நூலகத்தில் தெருப் படங்களைச் சுவரில் மாட்டவிருந்தார்கள். எடுப்பவர் ஆளுக்கு ஒரு படம், படத்தில் இருப்பவர் சம்மதித்துக் கையெழுத்திட்ட படிவத்தோடு. என்னிடம் இருந்ததெல்லாம் முதுகுகள். குடை பிடித்த முதுகு, பஸ்ஸுக்கு ஓடும் முதுகு, பேரம் பேசிக் குனிந்த முதுகு. முகத்துக்கு நேரே நிற்கக் கூச்சம்.

படம் கொடுக்கும் கெடுவுக்கு முந்தின கடைசிச் சனிக்கிழமை, மீன்கடை வாசலில் ஓர் அம்மா செதில் சுரண்டியபடி எதற்கோ விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டிருந்தார். கூச்சம் எங்கே போனதோ.

"ஒரு படம் எடுத்துக்கட்டுமா அக்கா?"

"ஐயோ அண்ணை, இண்டைக்கு நான் வெளிக்கிடேல்லை."

எனக்கும் அவருக்கும் ஒரே வயதுதான் இருக்கும். அண்ணை, அக்கா என்று ஒருவர் தலையில் ஒருவர் வயதை ஏற்றினோம். நான் மதுரைக்காரன். இன்று வெளியே எங்கும் போகவில்லை, இங்கேதான் இருக்கிறேன் என்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

"ரொம்ப நல்லதுக்கா," என்று சொல்லி எடுத்தேன். அவர் சிரிப்போடு கத்தியை வீசி வீசி ஆட்டினார். என்ன அழகாக ஒத்துழைக்கிறார் என்று நினைத்தேன்.

மறுநாள் படத்தை அச்சிட்டு, படிவத்தோடு போய் நின்றேன்.

"நான் வேண்டாம் எண்டெல்லோ சொன்னனான்."

"எப்பக்கா சொன்னீங்க?"

"வெளிக்கிடேல்லை எண்டா என்ன? தலை இழுக்கேல்லை, நல்ல உடுப்பு உடுக்கேல்லை எண்டெல்லோ அர்த்தம்."

உள்ளே சூரை மீன் வெட்டிக்கொண்டிருந்த அவர் கணவர் நிமிரவே இல்லை. "பாவம், விடும். உவருக்குத் தமிழ் தெரியாது போல கிடக்கு."

முப்பது வருடமாகத் தமிழில் எழுதுகிறவன். படிவத்தை மடித்துப் பைக்குள் வைத்தேன். "மன்னிச்சிடுங்கக்கா. இதை வெளியே காட்ட மாட்டேன். நீங்களே வச்சுக்குங்க."

அவர் ஈரக்கையை ஏப்ரனில் துடைத்து, படத்தை ஓரமாகப் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தார். கன்னத்தில் ஒரு செதில், மின்னிக்கொண்டு.

"இதில நான் ஆரோட இப்பிடிச் சிரிக்கிறன்?"

"என்னோடதான்," என்றார் கணவர், இப்போது நிமிர்ந்து. "அந்தத் திருக்கைக் கதை சொன்னனெல்லே."

"உங்களோடயோ?" படத்தை இன்னொரு முறை பார்த்தார். "அப்ப கட்டாயம் மாட்டுங்கோ அண்ணை. இவர் என்னைச் சிரிக்க வைச்சதுக்கு இவ்வளவு காலமும் ஒரு அத்தாட்சி இருக்கேல்லை."

வரிசையில் நின்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். கணவர் மட்டும் சூரையை முன்னைவிட மெல்லிசாக வெட்டினார். படிவத்தைப் பையிலிருந்து திரும்ப எடுத்து நீட்டினேன்; அக்கா கையெழுத்துப் போட்ட இடத்தில் தாள் நனைந்து சுருங்கியது. எனக்குத் தெருவில் குதிக்க வேண்டும் போலிருந்தது.

"வர்றேங்க்கா."

"ஓம், வாங்கோ. வாசலுக்குக் கிட்ட மாட்டச் சொல்லுங்கோ, என்ன? என்ர சொந்தக்காரர் ஒருத்தரும் லைப்ரரிக்கு உள்ளுக்கு வரமாட்டினம்."