மூக்கின் முகத்துவாரம்

ஏரிக்கரைத் தோணிரேவில் பிறந்தவள் நான். கடலைப் பார்த்த லைட்ஹவுஸ் குப்பத்துக்கு வாழ்க்கைப்பட்டு வந்த முதல் வருஷமே தும்மல் பிடித்துக்கொண்டது. விடிந்தால் வரிசையாகப் பத்துத் தும்மல். பிறகு கண்ணுக்குக் கீழே பாரம், தலைவலி. "அந்த ஊரு காத்து உனக்கு ஒத்துக்கல" என்றார் என்னைப் பெற்ற நைனா. நானும் அதையே பிடித்துக்கொண்டு கணவரை வருஷக்கணக்கில் குத்திக் காட்டினேன்.

போன வருஷம் வாசனையே தெரியாமல் போய்விட்டது. கருவாடு காயவைத்து விற்பவளுக்கு மூக்குதானே எல்லாம்! கெட்டுப்போன நெத்திலியை நல்லதென்று விற்றேன். வாங்கியவள் மறுநாளே கொண்டுவந்து வாசலில் கொட்டினாள். மானமே போயிற்று.

பொன்னேரியில் டாக்டரம்மா மூக்குக்குள் விளக்கடித்துப் பார்த்தார்.

"ஏரி கடலுக்குப் போற முகத்துவாரத்துல மண்ணு மூடிக்கிட்டா என்னம்மா ஆகும்?"

"தண்ணி தேங்கி நாறிப்பூடும்."

"அதேதான். அலர்ஜியால உள்ள வீங்கி, சைனஸ் வாசல் அடைச்சிக்குது. சளி தேங்குது."

மூக்கில் அடிக்க ஸ்பிரே தந்து, எது ஒத்துக்கொள்ளவில்லை என்று கவனிக்கச் சொன்னார். எனக்குள்ளும் முகத்துவாரமா! பஸ்ஸில் வீடு வரும்வரை கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

கருவாடுதான் காரணமென்றால் என் பிழைப்பு போச்சு. பயந்துகொண்டே பத்து நாள் அந்தப் பக்கம் போகாமல் இருந்து பார்த்தேன். தும்மல் நிற்கவில்லை. கதவைத் திறக்கும் முன்பே, படுக்கையிலேயே வந்தது. அப்படியானால் காற்றும் இல்லை. பக்கத்தில் லுங்கியைச் சுருட்டித் தலைக்கு வைத்துத் தூங்கும் மனுஷனோ தும்மியதே இல்லை. என் தலைக்கடியில் இருந்தது, கல்யாணச் சீரோடு நைனா தன் கையாலேயே இலவம்பஞ்சு அடைத்துத் தந்த தலையணை.

இந்த ஊரில் எல்லாமே வெயிலில் காயும். அதை மட்டும், கருவாட்டு வாடை ஏறிவிடுமென்று பதினோரு வருஷமாக வெளியே எடுத்ததில்லை. தையலைப் பிரித்தேன். பஞ்சு மாவாக உதிர்ந்தது. அடுக்கடுக்காகத் தும்மினேன்.

"எங்க ஊரு காத்து இன்னா பண்ணுச்சு உன்னிய?" என்று கணவர் சிரித்தார். உதிர்ந்த பஞ்சை வாரி மூட்டை கட்டினேன்.

தலையணையைத் தூக்கிப்போட்டு ஒரு மாதம் கழித்து, ஒரு காலையில் நெத்திலி வாடை மூக்கில் ஏறியது. கூடையை வைத்துவிட்டு அழுதேன்.

அன்றைக்கே நைனா போன் செய்தார். "மூக்கு எப்படிம்மா கீது?"

கணவர் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா கீது நைனா. இந்த ஊரு காத்து ஒத்துக்கிச்சு."