அழகாக நிற்கத் தெரிந்த காளை

2009 சித்திரையில், காங்கேயம் பக்கத்து மாட்டுச் சந்தையில் நடந்தது இது. அதற்கு முன்பு நான் மாட்டுச் சந்தைப் பக்கமே போனதில்லை. முதன்முதலாகப் போன அன்றைக்குப் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு போனேன் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

பெருமாநல்லூர் பக்கத்தில் எங்களுக்குச் சின்னதாக ஒரு பனியன் கம்பெனி. பெரிய ஏற்றுமதிக்காரர்களுக்குத் தைத்துக் கொடுப்போம். ஆர்டர் குவிந்த காலத்தில் மற்றவர்கள் கார் வாங்கினார்கள். என் வீட்டுக்காரர் காங்கேயம் காளை வாங்கினார். ஏர் ஓட்ட அல்ல, வண்டியில் பூட்டவும் அல்ல. கண்காட்சியில் நிறுத்த! ஒரு தடவை முதல் பரிசும் வாங்கியது. அன்றோடு ஹாலில் மாட்டியிருந்த எங்கள் கல்யாணப் போட்டோ பீரோவுக்குப் பின்னால் போனது. அந்த ஆணியில் காளையின் போட்டோ ஏறியது. கொட்டகையில் அதற்கு மின்விசிறி, ஷாம்பு குளியல், பருத்திக்கொட்டை, நாட்டுக்கோழி முட்டை. ஒரு நாள் ஆம்லெட் போட முட்டையை எடுத்தேன். "அது காளைக்கு வெச்சது அம்மிணி" என்றார். எனக்கு அந்த மாட்டைக் கண்டாலே ஆகாது.

பிறகு வெளிநாட்டில் ஏதேதோ பேங்க் முழுகியது என்றார்கள். அங்கே பேங்க் முழுகினால் இங்கே ஏன் பனியன் விற்காது என்று எனக்கு விளங்கவில்லை, ஆனால் விற்கவில்லை. வாரத்தில் இரண்டு நாள்தான் மெஷின் ஓடியது. டெய்லர்கள் பாதிப் பேர் ஊருக்குப் போய்விட்டார்கள். காளைக்கு மட்டும் பசி குறையவில்லை.

நல்ல காலத்தில் அதை விலைக்குக் கேட்டு வீடு தேடி வந்தவர்களுக்கெல்லாம் என் வீட்டுக்காரர் போன் போட்டார். எல்லாரும் கம்பெனி முதலாளிகள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: "என்றகிட்டயே ரெண்டு நிக்குதுங்க. நீங்க வாங்கிக்கறீங்களா?"

கடைசியில் சந்தைதான் என்று முடிவானது. கிளம்ப வேண்டிய அன்று காலையில் அவருக்கு வயிற்றுவலி வந்துவிட்டது. பரிசு வாங்கிய மாட்டை நாலு பேர் பார்க்க விற்கக் கூச்சம், வேறொன்றும் இல்லை. எங்கள் கம்பெனியில் மிச்சமிருந்த தூத்துக்குடிப் பக்கத்து டெய்லர் ஒருவர், ஊரில் மாட்டோடு வளர்ந்தவர், "நான் வாரேன்க்கா" என்றார். டெம்போவில் மூன்று பேரும் போனோம், காளையையும் சேர்த்து. எப்படியும் விற்றுவிடும் என்ற தைரியத்தில் டெம்போவை அப்போதே திருப்பி அனுப்பிவிட்டேன்.

சந்தையில் எங்களுக்கு முன்பே கொம்பு சீவி, சலங்கை கட்டிய காளைகள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றின் பின்னாலும் ஒரு வெள்ளைச் சட்டை ஒளிந்துகொண்டிருந்தது. எல்லாம் தெரிந்த முகங்கள், நம்ம பனியன்காரர்கள். ஒருவரிடம் "விக்கறதுக்குங்களா?" என்று கேட்டேன். "சேச்சே, சும்மா காத்தாட ஓட்டியாந்தனுங்க" என்றார். இத்தனை முதலாளிகள் ஒன்றாகக் காத்தாட வந்ததை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். விற்க அத்தனை பேர், வாங்க ஒருவரும் இல்லை.

மதியத்துக்கு மேல் ஒரு வயதான விவசாயி வந்தார். பல்லைப் பார்த்தார், குளம்பைப் பார்த்தார்.

"ஏனம்மிணி, உழுகுமா?"

"இல்லீங்க."

"வண்டி இழுக்குமா?"

"பழக்கமில்லீங்க."

"பின்ன என்னதாஞ் செய்யும்?"

"நிக்குமுங்க. அழகா நிக்கும்."

"சும்மா நிக்கறதுக்கு எங்கூட்டுல மாப்பளையே இருக்கறாருங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார். பக்கத்து வெள்ளைச் சட்டைகள் சிரித்த சிரிப்பில் என்னால் தலையைத் தூக்க முடியவில்லை.

அடுத்து வந்தவர் ஒன்றுமே கேட்கவில்லை. முதுகில் ஒரு தட்டு, தொடையில் ஒரு அமுக்கு. உடனே நல்ல விலை சொல்லி, பணத்தையும் எடுத்துவிட்டார். நான் கையை நீட்டிவிட்டேன். டெய்லர் என் காதருகே வந்தார்.

"யக்கா, கொம்பையும் பாக்கல, பல்லையும் பாக்கல. தொடையத்தான் அமுக்குதாரு. அடிமாட்டுக்குக்கா."

நீட்டிய கை அப்படியே நின்றது. அந்த நேரம் பார்த்துக் காளை என் பட்டுச்சேலையில் மூக்கைத் துடைத்தது, ஏதோ கைக்குட்டை போல. மூன்று வருஷமாக நான் வாய்க்கு வந்தபடி திட்டிய மாடு. "வேண்டாமுங்க" என்றேன். அவர் விலையை ஏற்றினார். "வேண்டாம்னா உடுங்க! அடிமாட்டுக்குக் குடுக்கமாட்டனுங்க!" என்று நான் போட்ட சத்தத்தில் சந்தையே திரும்பிப் பார்த்தது. காளை மட்டும், எல்லாரும் தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துக் கழுத்தை உயர்த்தி, முன்காலை எடுத்து வைத்து, கண்காட்சியில் நிற்பதுபோல நின்றது.

சந்தை கலைந்தது. டெம்போ இல்லை. மாட்டையும் டெய்லரையும் வைத்துக்கொண்டு ரோட்டோரம் நின்றேன். அந்த விவசாயி திரும்பி வந்தார்.

"அடிமாட்டுக்குக் குடுக்கமாட்டன்னு சத்தம் போட்டதக் கேட்டனுங்க. எனக்கு வாங்கறதுக்குக் காசில்லீங்க. ஆனா மாட்டுக்குப் போடச் சோளத்தட்டு இருக்குது. எங்கிட்ட ஒத்த மாடு இருக்குது, சோடி செத்துப்போச்சு. உட்டுட்டுப் போங்க, பழக்கிப் பாக்கறன். உங்களுக்கு நல்ல காலம் வந்தா வந்து ஓட்டிக்குங்க."

முன்பின் தெரியாதவர். ஆனாலும் எந்த ஊர் என்று கேட்டுக்கொண்டு கயிற்றை அவர் கையில் கொடுத்தேன்.

வீட்டுக்கு வந்ததும், "என்ன வெலைக்குப் போச்சு?" என்றார் வீட்டுக்காரர். "சும்மா குடுத்துட்டு வந்துட்டனுங்க" என்றேன். கத்தப்போகிறார் என்று காத்திருந்தேன். நடந்ததைச் சொல்லச் சொல்ல, அவர் துண்டை வாயில் வைத்துக்கொண்டு விசும்ப ஆரம்பித்துவிட்டார். பிறகு இரண்டு தட்டு சோறு சாப்பிட்டார். வயிற்றுவலி போன இடம் தெரியவில்லை.

இரண்டு மாதம் கழித்துப் பார்க்கப் போனோம். உடம்பெல்லாம் சேறு, தொப்பை கரைந்திருந்தது, ஜோடி மாட்டோடு உழுதுகொண்டிருந்தது. "நல்ல மாடுங்க. ரோட்டுல பஸ்ஸு போனாத்தான் நின்னு போஸ் குடுக்குது. அதுக்கு மட்டும் அஞ்சு நிமிசம் எச்சா ஆகுது" என்றார் பெரியவர்.

அடுத்த வருஷம் ஆர்டர் திரும்ப வந்தது. காளையை ஓட்டிவர டெம்போவோடு போனார் என் வீட்டுக்காரர். வெறும் டெம்போவோடு திரும்பினார். "அது வேலையில இருக்குது அம்மிணி" என்று மட்டும் சொன்னார்.

கம்பெனியில் ஆள் எடுப்பதை இப்போது நான்தான் பார்க்கிறேன். ஒன்றும் தெரியாது என்று கூச்சத்தோடு வாசலில் வந்து நிற்கும் யாரையும், பழக்கிப் பார்க்காமல் இன்றுவரை நான் திருப்பி அனுப்பியதில்லை.