துண்டுக்குள் பிடித்த விலை

மாட்டுத் தரகு என்பது ஊரான் மாட்டுக்கு ஊரான் பணத்தில் விலை சொல்கிற தொழில். அதனால் அதில் எனக்குக் கை நடுங்கினதே இல்லை. நடுங்க ஆரம்பித்தது, சொந்தப் பணத்தைக் குதிரை மேல் கட்டப் போன பிறகுதான்.

உத்திரமேரூர் பக்கம் காவாந்தண்டலம் எனக்கு. படிப்பு மூணாங்கிளாஸ். தொண்ணூறுகளில் ஆரம்பித்துப் பத்துப் பன்னிரண்டு வருஷம், சந்தை இல்லாத நாளில் ரேஸ் இருந்தால் செங்கல்பட்டுக்கு பஸ், அங்கிருந்து மின்சார ரயில், கிண்டியில் இறக்கம். ரேஸ் முடிந்து, கிழித்துப் போட்ட சீட்டுக் குப்பையை மிதித்துக்கொண்டே, ரயிலுக்குக் காசு மிச்சமிருக்கிறதா என்று இடுப்பைத் தடவிப் பார்த்த மகாராஜாக்களே, இது உங்களுக்குத்தான். மற்றவர்கள் படித்தால் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்க மாட்டீர்கள்.

ராஜ சுழி

முதல் தடவை போனபோது, ரேஸுக்கு முன்னால் குதிரைகளை வட்டமாக நடத்திக் காட்டுவார்களே, அந்த வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எனக்குத் தெரிந்தது மாடு. மாட்டில் முதலில் பார்ப்பது சுழி. குதிரைக்கும் தோல் இருக்கிறது, மயிர் இருக்கிறது, சுழியும் இருக்கிறது. ஒரு கருப்புக் குதிரைக்கு நெற்றி நடுவில் பொட்டு வைத்த மாதிரி சுழி. சந்தைக்கு அப்படி ஒரு காளை வந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு வாங்கச் சொல்லியிருப்பேன். ஐம்பது ரூபாய் கட்டினேன். குதிரை கடைசியாக வந்தது. கடைசி என்றால், மற்றதெல்லாம் நின்று மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்போது வந்தது.

பக்கத்தில் ரிட்டயரான கிளார்க் ஒருத்தர், கையில் ரேஸ் புத்தகமும் பென்சிலும். என் புலம்பலைக் கேட்டுவிட்டுக் கருப்பன் இருக்கிற பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். அது இதற்கு முன் ஓடின ஓட்டமெல்லாம் வரிசையாக இருந்தது. எவ்வளவு தூரம், முதுகில் எவ்வளவு எடை, எத்தனையாவதாக வந்தது. எட்டு, ஒன்பது, பதினொன்று. இங்கிலீஷ் தெரியாவிட்டாலும் நம்பர் எனக்குத் தெரியும். அவர் புத்தகத்தை மூடிக்கொண்டே சொன்னார்: “சுழியெல்லாம் நல்லாத்தான் இருக்குங்க. பாவம், அது காலுக்குத்தான் தெரியல.”

கோணவாயன், வெள்ளைக்கால், மாமியார்

அன்றிலிருந்து நோட்டுப் போட்டேன். என் மகள் பள்ளிக்கூடத்தில் பாதி எழுதிவிட்டுப் போட்ட நோட்டுகளில் மீதிப் பக்கம் என்னுடையது. குதிரையின் பெயரைப் படிக்க வராது. அதனால் புத்தகத்தில் இருக்கிற எழுத்தைக் கோலம் பார்த்துப் போடுகிற மாதிரி அப்படியே வரைந்துகொண்டு, பக்கத்தில் நானாக ஒரு பெயர் வைத்துவிடுவேன். கோணவாயன், வெள்ளைக்கால், கிட்ட வந்தவனையெல்லாம் கடிக்க வந்த பெட்டைக்கு மாமியார். எடை ஏறினால் யார் தடுமாறுகிறது, தூரம் கூடினால் யார் பாதியில் நாக்குத் தள்ளுகிறது, மழை பெய்த தரையில் யார் பிழைக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். நாலு நோட்டு நிறைந்த பிறகு, குதிரையைப் பார்க்காமலே அதன் குணத்தைச் சொல்ல முடிந்தது.

ஒரு நாள் நான் எழுதிக்கொண்டிருக்கும்போது என் சம்சாரம் கன்னியம்மா முறத்தோடு வந்து நின்றாள். கோணவாயனுக்கு இடது முன்னங்காலில் வீக்கம், மூணு வாரம் ஓடாது என்று எழுதியிருந்ததை எழுத்துக் கூட்டிப் படித்தாள். பிறகு முறத்தைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டாள்: “போன வாரம் எனக்கு ஜொரம். எத்தினி நாளு படுத்துக்கினு இருந்தேன்னு அந்த நோட்ட பாக்காம சொல்லு.”

சொறி

எங்கள் சந்தையில் விலையை வாயால் பேச மாட்டோம். தரகனும் வாங்குகிறவனும் கைகோத்து மேலே ஒரு துண்டைப் போட்டு மூடிக்கொள்வோம். உள்ளே விரலை அழுத்துவதுதான் பேச்சு. நாலு விரலை அழுத்தினால் நாலாயிரம். சுற்றி நூறு பேர் நிற்கலாம். துண்டுக்குள் நடந்தது அந்த இரண்டு பேருக்குத்தான் தெரியும். இதில் தரகன் செய்ய வேண்டிய முக்கியமான வேலை ஒன்று உண்டு. கை கோப்பதற்கு முன்னாலேயே மாட்டின் மதிப்பைத் தனக்குள் முடிவு பண்ணிவிட வேண்டும். எதிராளி விரலைக் கேட்ட பிறகு யோசித்தால், அவன் சொல்வதே நியாயமாகத் தோன்றும்.

கிண்டியில் பந்தயப் பணம் வாங்குகிற புக்கிகள் ரேட்டை எழுதிப் பலகை வைத்திருப்பார்கள். பலகையைப் பார்த்தால் எனக்கும் அதுவே நியாயமாகத் தோன்றியது. அதனால் பார்க்க மாட்டேன். முதலில் நோட்டு. இந்தக் குதிரை பத்து தடவை இதே எடையில் ஓடினால் நாலு தடவை ஜெயிக்கும் என்று பட்டால், ஒரு ரூபாய்க்கு மேலே ஒன்றரை ரூபாய் கிடைத்தால் சரிக்குச் சரி. ரெண்டு கொடுத்தால் வாங்கலாம். ஒன்றுதான் என்றால் துண்டை உதறிக்கொண்டு கிளம்பிவிட வேண்டும். குதிரையில் நல்லது கெட்டது கிடையாது, விலையில்தான் உண்டு. பழக்கதோஷம், என் இடது கையையே வலது கையால் பிடித்துத் துண்டைப் போட்டு அழுத்தி முடிவு பண்ணின பிறகுதான் பலகையை நிமிர்ந்து பார்ப்பேன். நாலு வாரம் இதைக் கவனித்த ஒரு புக்கியின் ஆள் அக்கறையாகச் சொன்னான்: “பெர்சு, சொறிக்கு வேப்பெண்ண தடவு. இங்க வந்து சொறிஞ்சிக்கினு நிக்காத.”

கட்டாத நாள்

கன்னியம்மாவுக்கும் எனக்கும் ஒரு ஒப்பந்தம். மாசத்தில் ஒரு மாட்டுக்குக் கிடைக்கிற தரகுக் காசு மட்டும் குதிரைக்கு. அது தீர்ந்தால் மாசம் முடிகிற வரைக்கும் நோட்டு எழுதலாம், பணம் கட்டக் கூடாது. போனதைப் பிடிக்கிறேன் என்று அடுத்த ரேஸில் இரட்டிப்பாகக் கட்டவே கூடாது. இதை அவள் சொன்னபோது எனக்குக் கோபம் வந்தது. பிறகு பார்த்தால், என் நாலு நோட்டுக்கும் சேர்த்து அதுதான் சாரம்.

ஒரு நாள் ஆறு ரேஸும் பார்த்தேன். ஒன்றிலும் விலை படியவில்லை. ஒரு ரூபாய்கூடக் கட்டாமல் முழுப் பணத்தோடு வூட்டுக்கு வந்து, பெருமையாக அவள் கையில் வைத்தேன். எண்ணிப் பார்த்தாள். திரும்ப எண்ணினாள். முகம் மாறிப்போனது. “குதிர மேலயும் கட்டலன்னா, காத்தாலேர்ந்து எங்க போய்க்கினு வர? மெட்ராஸ்ல யார் வூடு அது?”

செவலை

சிங்காரம் எங்கள் ஊர்க் காலனிக்காரன், எனக்குத் தம்பி மாதிரி. நிலம் கிடையாது. ஒரு செவலைக் காளை, ஒரு மயிலைக் காளை, அந்த ஜோடியை வைத்து ஊரார் நிலத்தில் கூலிக்கு ஏர் ஓட்டுகிறவன். மழைக்கு இன்னும் ஒரு மாசம்தான் இருக்கும்போது செவலையை ஓட்டிக்கொண்டு வந்து, விற்றுக் கொடு அண்ணே என்றான்.

கேட்டால் குதிரை. ஒரு லாரி டிரைவர், அவன் மச்சான் கிண்டி லாயத்தில் புல் போடுகிறவன், அவன் சொன்னானாம், இந்த வாரம் இன்ன குதிரை ஜெயிச்சே தீரும் என்று. மாட்டை விற்ற நாலாயிரத்தைக் கட்டினால் ஐயாயிரம் வரும். நாலாயிரத்துக்கு வேறு மாடு பிடிக்கலாம், மீதி ஆயிரத்தில் ஒழுகுகிற கூரைக்கு ஓலை மாற்றலாம். நோட்டை எடுத்துப் பார்த்தேன். அவன் சொன்ன குதிரை நம்ம வெள்ளைக்கால். நல்ல ஓட்டக்காரன், ஆனால் இந்தத் தடவை எடை ஜாஸ்தி. பத்துக்கு ஆறு தடவை ஜெயிக்கும். நாலு கட்டினால் மேலே ஒன்று தருகிற ரேட்டுக்குப் பத்துக்கு எட்டு ஜெயித்தால்தான் சரிக்குச் சரி. தோற்கிற அந்த நாலில் ஒன்று இந்த வாரமாக இருந்தால், மயிலை ஒற்றையாக நிற்கும். ஒற்றை மாட்டை வைத்து யார் நிலத்தில் ஏர் ஓட்டுவான்? இதையெல்லாம் விரல் விட்டுச் சொன்னேன். பொறுமையாகக் கேட்டான். பிறகு, “ஜெயிக்கத்தான் சான்ஸ் ஜாஸ்தின்னு நீயே சொல்ற. அப்பால ஏன் கட்டக் கூடாதுன்னும் நீயே சொல்ற. குடிச்சிட்டு கீறியா அண்ணே?” என்றான்.

துண்டு

சந்தைக்குப் போனோம். நான் விற்றுத் தராவிட்டால் வேறு தரகனிடம் போய்விடுவான். திருப்புட்குழி வியாபாரி ஒருத்தர் வந்து செவலையின் பல்லைப் பார்த்தார், ஓட்டிப் பார்த்தார், கையை நீட்டினார். துண்டைப் போட்டேன். நாலு விரலை அழுத்தினார். நியாயமான விலை. சிங்காரம் ஓலை வாங்கப் போகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டு பக்கத்தில் நிற்கிறான். நான் அஞ்சு விரலையும் அழுத்தினேன். அப்புறம் மேலே ஒரு நாலு. ஒன்பதாயிரம். ஜோடியோடு வண்டியும் சேர்த்துக் கேட்கிற விலை. அவர் சுட்ட சட்டியைத் தொட்ட மாதிரி கையை இழுத்துக்கொண்டார். அடுத்து வந்தவருக்கும் அதே ஒன்பது. அதற்கடுத்தவருக்கும். என் தொழிலில் நான் செய்த முதல் துரோகம் அது. மாடு திரும்ப ஊருக்கு நடந்தது.

ரேஸுக்கு சிங்காரமும் வந்தான். கையிலிருந்த நாற்பது ரூபாயைக் கட்டினான். வெள்ளைக்கால் ஜெயித்தது. கொஞ்ச நஞ்சமல்ல, ஜாக்கி திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தான். சிங்காரம் கையில் ஐம்பது ரூபாய். செங்கல்பட்டில் பஸ் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னான்: “ஒரு மாட்ட விக்கத் தெர்ல. ஜெயிக்கிற குதிரய ஜெயிக்கும்னு சொல்லத் தெர்ல. உனுக்கு இன்னாதான் அண்ணே தெரியும்?”

ஒன்பது

ஒரு மாசம் என் பக்கமே வரவில்லை. மழை வந்தது, செவலையும் மயிலையும் ஏரில் பூட்டிக்கொண்டு போவதைத் தூரத்திலிருந்து பார்ப்பேன். அந்த ஏர்க் கூலியில்தான் கூரைக்கு ஓலை மாற்றினான் என்று கன்னியம்மா சொன்னாள். அப்புறம் ஒரு நாள் காலையில் வந்து நின்றான். திருப்புட்குழி வியாபாரியைப் பார்த்தானாம். துண்டுக்குள் நான் என்ன கேட்டேன் என்று அவர் சொல்லிவிட்டாராம். மாட்டிக்கொண்டோம் என்று நினைத்து, மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தேன்.

அவன் முகத்தில் கோபம் இல்லை. கல்யாண வூட்டுக் களை. இத்தனை வருஷமாகத் தொழில் பார்க்கிற தரகன் மூணு பேரிடம் மாறாமல் ஒரே விலை சொன்னான் என்றால், அது மாட்டின் மதிப்பாகத்தானே இருக்க வேண்டும் என்று அவனாகவே முடிவு பண்ணியிருந்தான். திறந்த வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு எத்தனையோ பேர் செவலையை விலைக்குக் கேட்டார்கள், எத்தனையோ டிரைவர்கள் எத்தனையோ குதிரை சொன்னார்கள். எல்லாருக்கும் அவன் அன்றைக்கு என்னிடம் சொன்ன பதில்தான்: “ஒம்போதுக்கு ஒரு ரூபா கொறஞ்சாலும் செவல வூட்ட வுட்டுத் தாண்டாது.”

பத்துப் பன்னிரண்டு வருஷம் நோட்டைப் பார்த்து நான் சொன்ன நியாயமான விலையில் பாதி தோற்றுப்போனது. துண்டுக்குள் பொய்யாகச் சொன்ன விலை ஒன்றுதான் கடைசி வரைக்கும் ஜெயித்துக்கொண்டே இருந்தது.