ஆளுக்கொரு சக்கரம்

ஊரார் கும்பகர்ணன் என்று அழைத்த மெக்கானிக் ஒரு நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் தூங்கியவர் அல்ல. ஆனால் யார் எப்போது பட்டறைக்குப் போனாலும் அவர் படுத்துத்தான் கிடப்பார், ஏதாவது ஒரு வண்டிக்கு அடியில். முகத்தை வைத்து அவரை அடையாளம் சொல்லக்கூடியவர்கள் குறைவு. காலை வைத்து என்றால் ஊரே சொல்லும். ஒருமுறை முடிவெட்டும் கடையில் பக்கத்து நாற்காலிக்காரர், பட்டறைக்குப் பத்து வருடமாக வரும் வாடிக்கையாளர், "ஊருக்குப் புதுசா சார்?" என்று அக்கறையாக விசாரித்தாராம்.

படுத்து வேலை செய்வதில் வேறொரு வசதியும் இருந்தது. மனிதர்களின் சண்டை வண்டிக்கு மேலேயே நின்றுவிடும். அவருடைய அக்காவும் அக்கா புருஷனும் பஞ்சாயத்துக்கு வந்தால் உடனே அவருக்கு ஒரு கிரீஸ் வேலை ஞாபகம் வரும். கால் மட்டும் வெளியே தெரியும். காலிடம் யார் நியாயம் கேட்பார்கள்?

அக்காவும் மாமாவும் ஒரு பழைய ஜீப்பில் மலைமேல் போய், மேல் பண்ணைகளில் பால் எடுத்து, காலை எட்டு மணிக்குள் கீழே பால் நிலையத்தில் சேர்ப்பவர்கள். கடைசிப் பண்ணைக்கு முன்னால் ஒரு சேற்று ஏற்றம். அதில் நாலு சக்கரமும் இழுத்தால்தான் உண்டு. பின்சக்கரங்களை மட்டும் நம்பினால் அவை நின்ற இடத்திலேயே கிணறு வெட்டும்.

பழைய ஜீப் என்பதால் ஃபோர் வீல் லீவரைத் தள்ளினால் மட்டும் போதாது. முன்சக்கரம் ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு குமிழ் இருக்கிறது. ஏற்றத்துக்கு முன் இறங்கி இரண்டையும் திருகிப் பூட்ட வேண்டும். ஆரம்பத்தில் மாமா இரண்டையும் பூட்டுவார். அக்கா உதவி செய்கிறேன் பேர்வழி என்று பின்னாலேயே வந்து திருகி, பூட்டியதைத் திறந்துவிடுவாள். அந்தச் சண்டை தாங்காமல்தான் கும்பகர்ணன் வாழ்க்கையில் ஒரே ஒரு தீர்ப்பு சொன்னார்: "மாமா பக்கம் மாமா, அக்கா பக்கம் அக்கா. ஒருத்தர் சக்கரத்தை இன்னொருத்தர் எட்டிக்கூடப் பார்க்கக் கூடாது." ஒன்பது வருடம் அது சட்டமாக நடந்தது.

மூன்று வாரத்துக்கு முன் மாமா பட்டறைக்கு வந்து காலைத் தட்டினார். "மச்சான், ஃபோர் வீல் விழ மாட்டேங்குது."

கும்பகர்ணன் லீவரைப் பார்த்தார். அதற்குக் கீழே உள்ள கம்பிகளைப் பார்த்தார். கியர்ப் பெட்டி எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். வண்டியை நாலு பக்கமும் ஜாக்கியில் தூக்கி, இரண்டு குமிழையும் தானே பூட்டி, ஓட்டிப் பார்த்தார். நாலு சக்கரமும் நல்ல பிள்ளைகளாகச் சுற்றின. குமிழ்களை மறுபடி திறந்துவிட்டு, "ஒண்ணும் இல்ல மாமா" என்றார். மறுநாள் ஜீப் ஏற்றத்தில் நின்றது, பால் தாமதமானது. இந்தக் கதை மூன்று முறை நடந்தது.

குமிழைப் பற்றி அவர் கேட்காமல் இல்லை. "என் பக்கம் பூட்டிட்டேன். அந்தப் பக்கம் உன் அக்காவைக் கேளு" என்றார் மாமா. அக்காவைக் கேட்டால், "தினமும் இறங்கித்தானே ஏறுறேன்" என்றாள். அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

பால் நிலைய மேலாளர் கடைசியாகச் சொல்லிவிட்டார்: வியாழக்கிழமையும் தாமதமானால் மேல் பண்ணை ரூட் புது லாரிக்காரருக்கு. அந்த ரூட் போனால் அக்கா வீட்டுக்கு வேறு பிழைப்பு இல்லை. எனவே வியாழன் காலை கும்பகர்ணன் எழுந்து உட்கார்ந்தார். அதுவும் ஜீப்பின் பின்னால், காலிக் கேன்களுக்கு நடுவில்.

போகும் வழியில்தான் தெரிந்தது, முன்னால் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று.

"மச்சான், உன் அக்காகிட்ட காலை நகர்த்தச் சொல்லு. கியர் போடணும்."

"தம்பி, உங்க மாமாகிட்ட சொல்லு. அது என் கால் இல்ல, தண்ணி பாட்டில்."

ஏற்றம் வந்தது. இருவரும் இறங்கினார்கள். இரண்டு கதவும் மூடிக்கொண்டன. இருவரும் ஏறினார்கள். மாமா லீவரைத் தள்ளினார். ஜீப் இருபதடி ஏறி, உறுமி, குழி தோண்ட ஆரம்பித்தது. மணி ஆறே முக்கால்.

கும்பகர்ணன் குதித்து, பழக்கதோஷத்தில் பக்கவாட்டில் படுத்தே விட்டார். மாமாவைக் கிளட்சை மெல்ல விடச் சொன்னார். முன் தண்டு சுற்றியது. அப்படியானால் லீவர் சரி, பெட்டி சரி. அக்கா பக்கத்தில் சக்கரத்துக்குள் போகும் தண்டும் சுற்றியது, ஆனால் சக்கரம் மட்டும் தேமே என்று நின்றது. அச்சுக்கு வரும் பலம் எந்தப் பக்கம் வேலை சுலபமோ அந்தப் பக்கமே ஓடும். மனிதர்களிடமிருந்து கற்றுக்கொண்டதோ என்னவோ. ஒரு பக்கம் பூட்டாவிட்டால் பூட்டிய பக்கத்துக்கும் பலன் இல்லை.

அவர் குமிழைப் பார்த்தார். மாமா பக்கத்துக் குமிழில் விரல் தடங்கள். அக்கா பக்கத்துக் குமிழில் காய்ந்த சேறு, கீறல் விழாமல்.

"அக்கா, இறங்கினியே, என்ன பண்ணின?"

"மலையைப் பார்த்தேன்."

"திருகலையா?"

"எதுக்குத் திருகணும்? விருந்தாளிங்க முன்னாடி உங்க மாமா சொன்னதைக் கேளு. 'இவளுக்கென்ன, வண்டியில சும்மா உக்காந்துட்டு வருவா'ன்னாரு. சும்மா உக்காந்துட்டு வர்றவளுக்குச் சக்கரத்துல என்ன வேலை?"

மாமா ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினார். மூன்று வாரத்தில் முதல் நேரடி வாக்கியம்: "அதுக்கு என்னைச் சேத்துல நிக்க வச்சியா?"

"ஒரு நாள் சுத்தி வந்து பார்த்திருந்தா முதல் நாளே தெரிஞ்சிருக்குமே!"

"எட்டிக்கூடப் பார்க்கக் கூடாதுன்னு உன் தம்பிதானே சட்டம் போட்டான்!"

இருவரும் ஒற்றுமையாகத் தம்பியைப் பார்த்தார்கள். ஒளிந்துகொள்ள வண்டி பக்கத்திலேயே இருந்தது; ஆனால் அது நகரப் போகிற வண்டி. அவரே திருகிவிட ஒரு நிமிடம் போதும். இன்று அவர் திருகினால் நாளைக்கு யார்? கையைப் பின்னால் கட்டிக்கொண்டார்.

மாமா இறங்கிச் சுற்றி வந்தார். சேற்றைத் துடைத்துத் திருகினார். அசையவில்லை. இரண்டு கையாலும் திருகினார். முகம் சிவந்ததே தவிர குமிழ் அசையவில்லை. பட்டறையில் தானும் குறடு போட்டுத்தான் திருகியதை இந்த நேரத்தில் சொல்ல வேண்டாம் என்று கும்பகர்ணனுக்குத் தோன்றியது.

"இதைப் போய் எப்படித்தான் திருப்பற?" என்றார் மாமா.

"கேக்கறீங்களா, இல்ல சலிச்சுக்கறீங்களா?"

மாமா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு அக்காவைப் பார்த்தார். "கேக்கறேன்மா. இறங்கி வா. நீ இல்லாம இந்த வண்டி ஏறாது."

அக்கா இறங்கினாள். உள்ளங்கையை வைத்து அழுத்தி, கொஞ்சம் இடப்பக்கம் விட்டு, பிறகு வலப்பக்கம் திருப்பினாள். 'க்ளக்' என்றது. ஒன்பது வருடமாக அவள் தினமும் செய்த வேலை அது. மாமா இன்றுதான் பார்த்தார்.

ஜீப் ஏற்றத்தை மாடிப்படி மாதிரி ஏறியது.

திரும்பும்போது தார் ரோடு தொடங்கும் இடத்தில் குமிழ்களைத் திறக்க நிறுத்தினார்கள். மாமா தன் பக்கம் முடித்து, சுற்றி வந்து, அக்கா பக்கத்தில் நின்றார்.

"என்னவாம்?" என்றாள் அக்கா.

"கத்துக்கறேன்."

"நேரமாச்சு. நாளைக்குக் கத்துக்கலாம், ஏறுங்க."

பால் நிலையத்தில் ஏழு ஐம்பத்து நாலு. மேலாளர் கடிகாரத்தைப் பார்த்து, ஏமாற்றம் அடைந்தவர் போலவும் நிம்மதி அடைந்தவர் போலவும் கேன்களை எண்ணி, ரூட் தாளில் மாமா பெயரையே மறுபடி எழுதினார். பிறகு கேன் இறக்கிக்கொண்டிருந்தவரை ஏற இறங்கப் பார்த்தார்.

"இது யாரு, புது ஆளா?" என்றவர், குனிந்து காலைப் பார்த்ததும் நிமிர்ந்தார். "அட, நீங்களா! என் வண்டியில ஒரு சத்தம் வருது, கொஞ்சம் படுத்துப் பாருங்களேன்."