அம்மா இல்லாத கோரம்

ஊத்துக்கோட்டை பஸ்ஸின் ஜன்னல் வழியே நெல் அவிக்கும் வாசனை வந்ததும் எனக்கு மறுபடியும் எட்டு வயதாகிவிட்டது.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், திருவள்ளூர் அரிசி ஆலையின் களத்தில் அம்மா அவித்த நெல்லைக் காலால் துழாவி உலர்த்துவாள். ஒரு நாள் மதியம் தொழிற்சங்கக் கிளைக்குக் கமிட்டி தேர்ந்தெடுக்க எல்லோரும் கூடியிருந்தார்கள். நெல் அவிப்பவர்கள், மிஷினில் நிற்பவர்கள், மூட்டை தூக்குபவர்கள் என்று பிரிவுக்கு ஒருவராக மூன்று பேர் போதும் என்றார் கிளைச் செயலாளர் கன்னியப்பன்.

அம்மா விருட்டென்று எழுந்தாள்.

"களத்துல கீற பொம்பளைங்க எந்தப் பிரிவு அண்ணே? எங்களுக்கும் ஒரு ஆளு வோணும்."

"கமிட்டிக்கு வந்து நீங்க இன்னாம்மா பேசப்போறீங்க?" என்று அவர் கேட்கும்போதே தூறல் விழுந்தது. பெண்கள் அத்தனை பேரும் நெல்லைக் குவிக்க ஓடினார்கள்.

"சரி, மூணு பேருக்குக் கை தூக்குங்க," என்றவர், கைகளை எண்ணிவிட்டு விழித்தார். பாதி உறுப்பினர்களாவது இல்லாமல் முடிவெடுக்கக் கூடாது, அதுதான் கோரம் என்று சற்றுமுன் விதியை வாசித்தவரே அவர்தான். உறுப்பினர்களில் பாதிக்கு மேல் களத்துப் பெண்கள்! எனக்குக் குதிக்க வேண்டும்போல் இருந்தது.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அவரும் நெல் தள்ள ஓடினார்.

"சீக்கிரம் மூடிக்கினு வாங்கம்மா! நாலு பேராவே போட்டுக்கலாம்!"

நெல்லைத் தார்ப்பாயால் மூடியதும் அம்மாவின் பெயருக்கு நனைந்த கைகளெல்லாம் உயர்ந்தன. நானும் தூக்கினேன். யாரும் இறக்கச் சொல்லவில்லை.

"இன்னா ஆயா, எறங்கணுமா?" என்றார் கண்டக்டர்.

அப்போதுதான் பார்த்தேன், என் கை இன்னும் மேலேயே இருந்தது.