கரைப்பக்கம் போன பந்து

என் வலதுகால் நடக்கும், ஓடும், சைக்கிள் மிதிக்கும். பந்தைக் கண்டால் மட்டும் கல்யாண வீட்டுக்கு வந்த தூரத்து உறவு மாதிரி ஓரமாக நின்றுகொள்ளும். உதைப்பது, தடுப்பது, தள்ளுவது எல்லாமே இடதுகால்தான். ஏழாம் வகுப்பு படிக்கும்போது எங்கள் ஊர்ப் பிள்ளைகளின் கால்பந்து அணியில் நான் ஒருத்திதான் பெண். அதிலும் ஒற்றைக்கால் ஆட்டக்காரி. வேடிக்கை பார்க்க வந்தவர்களுக்கு ஒரு டிக்கெட்டில் இரண்டு படம்.

அணியை நடத்தியவர் மாமா, அம்மாவின் கடைசித் தம்பி. வல்லத்திராக்கோட்டை போகிற ரோட்டில் செல்போன் ரீசார்ஜ் கடை வைத்திருந்தார். அப்பா மஸ்கட்டில் வேலையில் இருந்ததால் நானும் அம்மாவும் அம்மா பிறந்த வீட்டிலேயே மாமாவோடு இருந்தோம். மாமா அப்போது கல்யாணம் ஆகாதவர். சாயங்காலம் கடையைச் சாத்திவிட்டுப் பந்தும் கையுமாக மைதானத்துக்கு வந்துவிடுவார்.

பொங்கலுக்குப் பொன்னமராவதிப் பக்கத்திலிருந்து ஓர் அணி எங்கள் ஊருக்கு ஆட வருவதாக இருந்தது. அந்த ஆட்டத்தில் எனக்கு எப்படியாவது இடம் வேண்டும். “இந்த வருசத்தோட சரி. பெரிய மனுசி ஆயிட்டா அப்பறம் பந்தாவது ஒண்ணாவது” என்று அம்மா முன்கூட்டியே தீர்ப்புச் சொல்லிவிட்டாள்.

மாமா என்னை எல்லா இடத்திலும் நிறுத்திப் பார்த்தார். வலது ஓரத்தில் விட்டால், பந்தை இடதுகாலுக்கு மாற்றிக்கொண்டு நான் திரும்புவதற்குள் எதிராளி வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாம். நடுவில் விட்டால் எல்லாப் பந்தும் ஒரே பக்கமாகப் போனது. கோல் காக்க நிறுத்திய அன்று, வந்த பந்தை இடதுகாலால் தடுக்கப் போய் நானே உள்ளே தள்ளினேன். பையன்கள் ஒரு வாரம் அதைச் சொல்லியே சிரித்தார்கள். எனக்கு அழுகையாக வரும். பல்லைக் கடித்துக்கொண்டு சிரிப்பேன்.

இடதுகால்காரிக்கு இடது ஓரம் என்று பச்சைப் பிள்ளையும் சொல்லும். ஆனால் எங்கள் மைதானத்தில் அந்த ஓரத்துக்கு ஒரு வில்லங்கம் இருந்தது. மைதானத்தை ஒட்டி ஓர் அகலமான வெற்றுத் தடம், அதைத் தாண்டினால் கண்மாய்க்கரை. அந்தத் தடத்துக்கு முனி ஓட்டம் என்று பேர். அய்யனார் கோயிலிலிருந்து கண்மாய் மடை வரைக்கும் முனி வேட்டைக்குப் போகிற வழி. அதில் யாரும் சுவர் எழுப்ப மாட்டார்கள், மாடு கட்ட மாட்டார்கள், உச்சி வேளையில் குறுக்கே நடக்கக்கூட மாட்டார்கள். எங்கள் வீட்டிலேயே அதற்குச் சாட்சி இருந்தது. கூடத்தில் மாலை போட்ட போட்டோவில் பள்ளிக்கூடச் சட்டையோடு நிற்கும் பெரிய மாமா, அதாவது மாமாவின் அண்ணன், அங்கேதான் முனி அடித்துச் செத்தார் என்று ஊரே சொல்லும். வீட்டில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை.

அதனால் பிள்ளைகள் எல்லாரும் அந்த ஓரத்திலிருந்து விலகியே ஆடுவார்கள். பந்து தடத்துக்குள் போனால் எடுக்க ஆள் கிடையாது, மாமாதான் போவார். செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, ரேஷன் கடைக்குப் போகிற மாதிரி சாவகாசமாக நடந்து போய் எடுத்து வருவார். அவருக்கு மட்டும் எப்படிப் பயமில்லை என்று நாங்கள் வாயைப் பிளப்போம்.

ஒரு நாள் அவர் என்னை அந்த ஓரத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்.

“இங்கிட்டு நில்லுத்தா. நீ அந்தத் தடத்துல கால் வைக்க வேணாம். பந்தை மட்டும் வெளிய குடு.”

“வெளிய யாருக்கு மாமா குடுக்கிறது?”

“குடு. வரும்.”

கொடுத்தேன். பந்து தடத்தைக் கடந்து கரையின் சரிவில் ஏறி, ஒரு கணம் நின்று, திரும்ப உருண்டு எனக்கு முன்னால் பத்தடி தள்ளி உள்ளே வந்தது. அதற்குள் நான் எதிராளியைத் தாண்டி ஓடியிருந்தேன். அவன் தடத்துப் பக்கம் வரப் பயந்து விலகி நின்றிருந்தான். பந்து சரியாக என் இடதுகாலில் வந்து சேர்ந்தது. கரையில் பட்டு வந்தால் ஆட்டம் தொடரும் என்பது எங்கள் மைதானத்து விதி. மாமா என்ற கேடி இந்த வித்தையை இத்தனை நாள் எங்கே ஒளித்து வைத்திருந்தார் என்று தெரியவில்லை.

எனக்குத் தலைகால் புரியவில்லை. ஊரில் யாருக்கும் வேண்டாத இடம்தான் எனக்கென்று எழுதி வைத்த இடம். கரை இடப்பக்கம் வருகிற பாதி ஆட்டத்தில் மட்டும் என்னை இறக்குவது என்று முடிவானது. அரை ஆட்டக்காரி என்றார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும் என்றிருந்தேன்.

ஆனால் தினமும் ஆட ஆட, அந்த ஓரம் எனக்கு வேறு மாதிரித் தெரிய ஆரம்பித்தது. நான் ஓடும்போது எனக்கு வெளிப்பக்கம் இன்னொரு ஓட்டம் கேட்கும். என் காலடிச் சத்தம்தான் கரையில் பட்டு வருகிறது என்று நினைத்துக்கொள்வேன். நான் நின்ற பிறகும் அது இரண்டு எட்டு கூட ஓடி நிற்கும். காற்றே இல்லாத நாளில் கரைமேலிருந்த கருவை மரங்களில் ஒன்று மட்டும் அசையும். இதையெல்லாம் யாரிடம் சொல்வது? சொன்னால் அம்மா வீட்டுக்குள் பூட்டுவாள், பொங்கல் ஆட்டம் போய்விடும். வாயை மூடிக்கொண்டேன்.

இன்னொன்றும் இருந்தது. நான் பந்தை வெளியே கொடுத்ததும் மாமா என்னைப் பார்க்கவே மாட்டார். கரையைப் பார்ப்பார். பந்து திரும்பி வந்ததும், நல்ல பந்து கொடுத்த கூட்டாளிக்குக் கை தூக்குவது போல, கரையைப் பார்த்து லேசாகக் கையைத் தூக்குவார். எனக்கு அது பிடிக்கவில்லை. ஓடுவது நான், பாராட்டு கரைக்கா?

பொங்கலுக்கு முந்தின வாரம் கண்மாய்க்கரையை உயர்த்துகிறோம் என்று ஜேசிபி வந்தது. மண்ணுக்கு எங்கெங்கோ அலையாமல் கரையின் அடியிலேயே நீளமாகப் பள்ளம் தோண்டி அள்ளி மேலே கொட்டிவிட்டுப் போய்விட்டார்கள். இனி பந்தை வெளியே கொடுத்தால் நேராகப் பள்ளத்துக்குள்தான் விழும். மாமா பள்ளத்தின் விளிம்பில் வெகுநேரம் நின்றார். பிறகு என் தலையில் கைவைத்து, “இந்தத் தடவ வெளிய குடுக்காத. உள்ளயே ஆடு” என்றார்.

ஆட்டத்தன்று வந்திருந்த அணியிடம் மாமா ரொம்பப் பணிவாகப் போய், “தம்பிகளா, அந்தப் பக்கம் முனி ஓட்டம். பாத்து ஆடுங்கப்பா” என்று சொல்லிவிட்டு வந்தார். அவர்கள் ஊரிலும் முனி உண்டு, சொன்னதுமே புரிந்துகொண்டார்கள். எங்கள் பையன்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

ஆளுக்கொரு கோல் ஆகியிருந்தபோது என்னை இறக்கினார். வெயில் தாழ்ந்து, கரையின் நிழல் தடத்தை மூடி மைதானத்துக்குள் நீண்டிருந்தது. பந்து வந்தது. என்னைவிட ஒரு தலை உயரமான ஒருவன் குறுக்கே வந்து மறித்தான். வலதுகாலுக்கு மாற்றியிருக்கலாம்; அது வழக்கம்போல ஓரமாக நின்றது. யோசிக்க நேரமில்லை. பழக்கதோஷத்தில் பந்தை வெளியே தள்ளிவிட்டு ஓடினேன். ஓட ஆரம்பித்த பிறகுதான் பள்ளம் நினைவுக்கு வந்தது. போச்சு, எல்லாம் போச்சு.

பந்து திரும்பி வந்தது.

உருண்டு வரவில்லை. நிழலுக்குள்ளிருந்து ஓர் அடிச் சத்தம், அடுத்து என் தோளுயரத்துக்கு எகிறி, வளைந்து, என் இடதுகாலுக்கு முன்னால் ஒரே ஒரு குதி குதித்தது. யாரோ என் ஓட்டத்தை அளந்து கொடுத்த மாதிரி. என்னை மறித்தவன் அப்படியே நின்று தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தான்; அவன் முகம் வெளுத்திருந்தது. நான் பார்க்கவில்லை, சத்தியமாகப் பார்க்கத் தைரியம் வரவில்லை. கண்ணை மூடாத குறையாக உதைத்தேன். கோல்.

பையன்கள் என்னைத் தூக்கிக்கொண்டு குதித்தார்கள். மண்மேட்டில் பட்டுத் தெறித்தது என்றார் நடுவராக இருந்த டிரில் வாத்தியார். கல்லில் பட்டது என்றான் ஒருவன். நான் மாமாவைத் தேடினேன். அவர் என்னிடம் வரவில்லை. செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டுத் தடத்தைக் கடந்து போய்ப் பள்ளத்துக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு அங்கேயே மண்ணில் உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. ஜெயித்த சந்தோஷத்தில் மாமா அழுகிறார் என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை.

வீட்டுக்கு ஓடி வந்து அம்மாவிடம் மூச்சுவிடாமல் சொன்னேன். பந்து என்றாலே முகம் சுளிக்கிற அம்மா ஒன்றே ஒன்று கேட்டாள்.

“உருண்டு வந்துச்சா, எகிறி வந்துச்சா?”

“எகிறிம்மா. வளைஞ்சு.”

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அம்மா போட்டோவைப் பார்த்துக்கொண்டு நின்றாள், அடுப்பை அணைக்கவில்லை.

மறுநாள் ஆட்டத்தில் மாமா என்னை அந்த ஓரத்தில் நிறுத்தவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. கெஞ்சினேன், சண்டை போட்டேன். “போதும்த்தா” என்பார், அவ்வளவுதான். எனக்கென்று ஓர் இடத்தைக் கண்டுபிடித்துக் கொடுத்து, அதில் நான் ஜெயித்ததும் பிடுங்கிக்கொண்ட மனிதரோடு ஆறு மாதம் பேசாமல் இருந்தேன்.

நான் கல்லூரிக்குப் போன பிறகு அம்மா ஒரு நாள், துணி மடித்துக்கொண்டே, தானாகச் சொன்னாள். ஐப்பசி மழையில் கண்மாய் நிறைந்து கிடந்தபோது தன் கடைசித் தம்பி உதைத்த பந்து கரையைத் தாண்டித் தண்ணீரில் விழுந்ததாம். ‘நீ போய் எடுத்துப் போடு’ என்று அண்ணனை அனுப்பிவிட்டு, பந்து வருமென்று இந்தப் பக்கம் மைதானத்தில் காத்து நின்றிருக்கிறான். அண்ணன் வரவில்லை, பந்தும் வரவில்லை. கரைமேல் நின்று பார்த்தவள் அம்மா ஒருத்திதான். சின்னப் பிள்ளைமேல் பழி வரக் கூடாது என்று, முனி அடித்துவிட்டது என்று ஊரிடம் சொன்னதும் அவள்தான்.

“அவனும் ஒன்ன மாதிரி எடதுகால்காரன்தான்” என்றாள். “உருட்டியே குடுக்க மாட்டான். வளைச்சு எகிறவிட்டுத்தான் குடுப்பான்.”

முனி ஓட்டத்துக்கு மாமா ஏன் பயப்படவில்லை என்பது எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அங்கே முனி இல்லை என்று அவருக்குத் தெரியும். ஏழாம் வகுப்பில் நான் நினைத்துக்கொண்டிருந்தேன், அந்த ஓரம் எனக்காகத் தேடிய இடமென்று. பந்தை வெளியே கொடுக்க அவருக்கு ஒரு இடதுகால் தேவைப்பட்டிருக்கிறது. பந்து வந்து சேர்ந்த பிறகு அங்கே யாரையும் நிறுத்த அவருக்கு வேலையில்லை.