முதல் இழுப்பு

தையல் மிஷினில் கால் மிதிப்பதை நிறுத்தாமலே ஜெயினுலாபுதீன் வலது கையைச் சமையலறைப் பக்கம் நீட்டுவார். வாய் திறந்து கேட்கிற வழக்கமில்லை. உள்ளே அவர் மனைவி சம்சாத் பேகம் அடுப்புத் தணலில் பீடியைப் பற்றவைத்து, அணையாமலிருக்க ஒரு இழுப்பு இழுத்து, கொண்டுவந்து அவர் விரலிடுக்கில் செருகிவிட்டுப் போவார். கல்யாணமான இருபத்தாறு வருடமாக இப்படித்தான், நாளைக்குப் பத்துப் பதினைந்து தடவை.

சதுரங்கப்பட்டினத்தில் பள்ளிக்கூடச் சீருடை தைப்பது அவர் தொழில். வீட்டிலிருந்து கடல் கூப்பிடு தூரம். ஆனால் தையல் அறையின் ஒரே ஜன்னல் திறந்து யாரும் பார்த்ததில்லை. "உப்புக் காத்து பட்டா மிசினு துரு புடிச்சிடும். நூலெல்லாம் பறந்துடும்" என்பார். அந்தப் பீடிப் புகைக்குள் உட்கார்ந்துதான் சம்சாத் காஜா எடுத்தார், பித்தான் தைத்தார்.

சட்டத்துக்கு அடங்கின மனிதர் வேறு. இரண்டாயிரத்து எட்டில், பொது இடத்தில் புகைத்தால் அபராதம் என்று பஸ் நிறுத்தத்தில் பலகை வைத்தார்கள். அன்றிலிருந்து டீக்கடையில் அவர் பீடியைத் தொடவில்லை. "கவர்மெண்டு சொன்னா கேட்டுக்கணும்பா. நம்ம வூட்ல குடிச்சா எவன் கேக்கப் போறான்?" வெளியில் குடித்த நாலு பீடியும் சேர்ந்து அந்த அறைக்கு வந்தது.

மறு வருடம் சம்சாத் இருமத் தொடங்கியபோது, இருமினால் எல்லோரும் சொல்வதையே ஊரில் சொன்னார்கள்: டி.பி. ஆறு மாதம் மாத்திரை தின்றும் நிற்காமல் சளியில் இரத்தம் வந்தது. ஜெயினுலாபுதீன் அவரைச் செங்கல்பட்டுப் பெரியாஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே டாக்டர், "பீடி, சிகரெட்டு பழக்கம் உண்டாம்மா?" என்று கேட்டார்.

"அய்ய, இன்னா டாக்டரே! நான் பொம்பள" என்று முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டார் சம்சாத். பொய் சொல்லவில்லை. அந்த ஒரு இழுப்பைப் பழக்கம் என்று அவர் நினைத்ததே கிடையாது. பக்கத்தில் நின்ற புருஷன்தான் தன் விரலிடுக்கைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு ஜெயினுலாபுதீனைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்கள். நுரையீரலில் புற்றுநோய். முற்றிவிட்டது. பீடியைத் தொடாதவர்களுக்கும் அடைபட்ட புகையால் இது வரும் என்றார்கள். மனைவியிடம் சொல்ல அவருக்குத் தெம்பில்லை. "அதே டி.பி.தான் புள்ள, கொஞ்சம் முத்திக்கீது" என்று சொல்லிவைத்தார். பாவி மனிதர், அங்கேதான் வகையாக மாட்டிக்கொண்டார்.

மறுநாள் காலை சம்சாத் வழக்கம்போல் பீடியை நீட்டினார்.

"வேணாம் புள்ள. உட்டுட்டேன்."

"இத்தினி வருசமா உடாதவரு, இன்னிக்கி இன்னாத்துக்கு உட்டீங்க? என் எச்சி பட்டா தொத்திக்கும்னு பயமா?"

அவர் குனிந்து ஊசியில் நூல் கோத்தார். மத்தியானம் பார்த்தால், சம்சாத்தின் தட்டும் தம்ளரும் கொல்லைக் குழாயடியில் தனியே கவிழ்ந்திருந்தன. பாயும் தலையணையும் சமையலறை மூலைக்குப் போயிருந்தன. இன்னும் எத்தனை நாளோ, அத்தனை நாளையும் புருஷனே ஒதுக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டே கழிக்கப்போகிறாள். அதை அவரால் தாங்க முடியவில்லை. சாயங்காலம் மிஷினில் உட்கார்ந்தார். அந்த ஒரு இழுப்பு என்ன செய்யும் என்று தெரிந்தே, பழையபடி கையை நீட்டினார்.

உள்ளே நெடுநேரம் இருமல் கேட்டது. பிறகு சம்சாத் சுவரைப் பிடித்துக்கொண்டு வந்து பீடியைக் கொடுத்தார். முகம் தெளிந்திருந்தது. அங்கேயே தரையில் உட்கார்ந்துகொண்டார்.

ஜெயினுலாபுதீன் எழுந்துபோய், இறுகிக் கிடந்த கொக்கியைத் தட்டித் தட்டி ஜன்னலைத் திறந்தார். கடற்காற்று மடித்துவைத்த சீருடைகளைக் கலைத்தது.

"இன்னாங்க இது, நூலெல்லாம் போவுது பாருங்க!"

"போவட்டும். நீ காத்துல குந்து."

மனைவி பார்க்கட்டும் என்று பீடியை ஒருதரம் உதட்டில் வைத்தெடுத்தார். அப்புறம் அந்தக் கையை ஜன்னல் கம்பிக்கு வெளியே முழங்கை வரை நீட்டிக்கொண்டு, சம்சாத்தைப் பார்த்தபடி நின்றார். பீடி எரிந்து எரிந்து விரலுக்கு வந்தது. அவர் கையை உதறவில்லை.